கையால் செய்த வாழ்த்து அட்டை, வீட்டில் சுட்ட கேக்: பொழுதுபோக்கா, பிழைப்பா?

"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் "டிவி பார்ப்போம்" என்ற பதில்தான் முதலில் வரும். டிவியில் உட்கார்ந்துகொண்டே அதைக் குறை சொல்வது நன்றி கெட்ட வேலை. ஆகவே குறை சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு அரை மணியை மட்டும் கடனாகக் கேட்க வந்திருக்கிறேன்.

கையால் வாழ்த்து அட்டை செய்வதும், வீட்டில் கேக், பிஸ்கட் சுடுவதும் பட்டணத்துக்காரர்களின் வேலை, வசதி உள்ளவர்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த அக்காமார்களும் அம்மாமார்களும் "அதெல்லாம் நமக்கு வராதுங்க" என்று சொல்வதைப் பார்க்கலாம். வராதா? தோட்டத்துக் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வண்ணக் காகிதத்தை மடித்து வெட்டித் தோரணம் கட்டியவர்கள் யார்? காவடிக்கு ஜோடனை செய்தவர்கள் யார்? புள்ளி வைத்து ஒரு கம்பி கூடப் பிசகாமல் சிக்குக் கோலம் போட்டவர்கள் யார்? தீபாவளிக்கு முன் லயத்து வாசலில் விறகு அடுப்பை மூட்டி, அச்சு முறுக்கை எண்ணெயில் அமிழ்த்தி, ஒரு தட்டுத் தட்டி விடுவித்தவர்கள் யார்? கை அதே கைதான். காகிதத் தோரணம் போட்ட கைக்கு வாழ்த்து அட்டை பெரிய வித்தையில்லை. அச்சு முறுக்கு சுட்ட கைக்கு கேக் பெரிய வித்தையில்லை.

பொழுதும் மாறிவிட்டது. அன்று விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் மரத்துக்கு ஓடி, ஆயக்கொட்டகையில் பிள்ளையை விட்டு, திரும்பி வந்து சமைத்தவருக்குப் பொழுது போகவில்லை என்ற பேச்சே இல்லை. தோட்டங்கள் கைமாறின. ஈஜோக், புஞ்சாக் ஆலாம் பக்கம் செம்பனை நின்ற இடங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்கள் அறிவார்கள். லயத்தில் இருந்தபோது கதவைத் திறந்தால் பத்துப் பேர். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் சுவர். பிள்ளைகள் ஷா ஆலத்துக்கும் ரவாங்குக்கும் வேலைக்குப் போன பிறகு, மீதி நேரம் முழுவதும் நாற்காலியும் டிவியும்தான். அந்த நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் வாழ்த்து அட்டை

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடித்து விற்கும் பழக்கம் 1843-இல் லண்டனில் தொடங்கியது. ஹென்றி கோல் என்ற அரசாங்க அதிகாரிக்கு, கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஓர் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து அட்டையாக அச்சடித்து அனுப்பினார். மிச்சத்தை விற்றார். ஆக, அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே எழுத நேரமில்லாதவர் ஒருவரால்தான்! கையால் செய்வது அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிற வேலை.

நம் நாட்டில் தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்றால் அட்டைகள் வந்து குவிந்த காலம் ஒன்று இருந்தது. வரவேற்பறையின் குறுக்கே நூல் கட்டி, துணி உலர்த்துவதுபோல் அட்டைகளைத் தொங்கவிட்டிருப்போம். யார் வீட்டில் நூல் நீளம் என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும். 2000-ஆம் ஆண்டுகளில் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி வந்தது. நூல் குட்டையாயிற்று. 2010-இல் சாதாரணக் கடிதத்தின் தபால் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாயிற்று. அதன் பிறகு வாட்ஸ்அப். ஒரே படம் ஒரு நொடியில் நூறு பேருக்குப் போகிறது. நூறு பேரும் பார்க்காமலே நீக்குகிறார்கள்.

அட்டை அனுப்புவதில் நம் மக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தோட்டத்து முகவரி இருந்தபோது தோட்டத்தின் பெயரை எழுதினால் போதும், ஆபீசுக்கு வந்து சேரும், கிராணி கூப்பிட்டுக் கொடுப்பார். தோட்டம் கலைந்த பிறகு யார் எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஊர்ப் பெயரே மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 45600 என்ற அஞ்சல் எண் மட்டும் அதேதான். ஆகவே அட்டை செய்ய உட்காருமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய பக்கத்து வீட்டுக்காரர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. இதற்காக நாலு பேருக்குப் போன் செய்ய வேண்டி வரும். செய்யுங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைத்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். ஏ4 அளவுத் தடித்த தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 200 முதல் 250 கிராம் தாள் என்று கேட்டால் கொடுப்பார்கள். கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 கிராம்தான், அது நிற்காது, வளையும். ஏ4 தாளைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் மடித்தால் 105-க்கு 148 மில்லிமீட்டரில் ஓர் அட்டை. சி6 என்ற உறைக்குள் அது அப்படியே நுழையும். முதலில் உறையை வாங்கிவிட்டு அதற்கேற்ப அட்டையை வெட்டுங்கள். அட்டையைச் செய்துவிட்டு உறை தேடுகிறவர்கள் கடைசியில் உறையையும் தாங்களே ஒட்ட வேண்டியதாகிவிடும்.

மடிப்பில்தான் கைவேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியும். தாளுக்கும் மரம்போல் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் எதிர்க்கும். எளிதாக வளைகிற பக்கமாக மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ரூலர் ஓரமாக அழுத்தி ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் மடித்தால் கடையில் வாங்கியதுபோல் வரும். சோற்றுப் பசை வேண்டாம், கரப்பான் பூச்சி தேடி வரும். வெள்ளைப் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும், அதிகம் தடவினால் நம் ஊர் ஈரக் காற்றில் தாள் நெளிந்துவிடும். ஒட்டியதும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள்.

அட்டையின் முகப்பில் என்ன இருக்க வேண்டும்? கடையில் விற்கும் ஒட்டுப் படங்களை வாங்கி ஒட்டினால் அது கடை அட்டைதான். நம் வட்டாரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோலத்தையே எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் பென்சிலால் புள்ளி வைத்து, ஊசியால் துளை போட்டு, வண்ண நூலால் கம்பியை இழுத்துத் தைத்துவிட்டால் நூல் கோலம். 7 புள்ளிக் கோலம் ஒரு அட்டைக்குச் சரியாக இருக்கும். இன்னொன்று, கம்போங் குவாந்தான் மின்மினிகள். சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணைவதைப் பார்க்க வெளிநாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்காமல் இருக்கிறோம். கறுப்புத் தாளில் மரத்தை வெள்ளைப் பென்சிலால் வரைந்து, இலைகளுக்கிடையே ஊசியால் குத்தி, பின்னால் மஞ்சள் தாளை ஒட்டிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மரம் முழுதும் மின்னும். தீபாவளிக்கு இதைவிடப் பொருத்தமான படம் உண்டா? சின்னப் பிள்ளைகளும் செய்யலாம், செலவு காசுக் கணக்கில்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பால் மரத்து இலை. இலையின் சதையை எடுத்துவிட்டு நரம்பை மட்டும் நிறுத்தினால் வலைபோல், மெல்லிய துணிபோல் ஒன்று கிடைக்கும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதைச் சாயம் ஏற்றிப் பூவாகக் கட்டியும் அட்டைக்கு ஒட்டியும் விற்கிறார்கள். வெளிநாட்டுக் கைவினைக் கடைகளில் பொட்டலம் கட்டி விலைக்கு வைத்திருக்கிறார்கள். பால் மரத்து இலை இதற்கு ஏற்றது, ஏனென்றால் அதன் நரம்பு நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும். முற்றிய, ஓட்டை இல்லாத இலையாகப் பறித்து வாளித் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். சில வாரங்களில் சதை அழுகிக் கொழகொழவென்று ஆகும். நாற்றம் வரும், சொல்லிவிடுகிறேன். அதைத் தட்டில் விரித்து, பழைய பல் தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி அலசினால் சதை போய் நரம்பு நிற்கும். அவசரமென்றால் சலவைச் சோடா கலந்த நீரில் வேக வைக்கலாம். அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள், பிறகு அதில் சமைக்கக் கூடாது. கையுறை போடுங்கள். சுத்தம் செய்ததை இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்து உலர்த்தி, வேண்டிய சாயத்தில் முக்கினால் போதும். ஒன்றை மறக்க வேண்டாம். ஊறும் வாளியை இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்தால் 500 வெள்ளி அபராதம் கட்டிவிட்டுத்தான் வாழ்த்து அட்டை செய்ய வேண்டும்.

இன்று வட சிலாங்கூரில் பால் மரம் குறைவு, எல்லாம் செம்பனைதான் என்பீர்கள். உண்மை. ஆனாலும் கம்பத்து ஓரங்களிலும் சிறுதோட்டக்காரர்களின் நிலத்திலும் இன்னும் நிற்கிறது. கேட்டுப் பறியுங்கள். இலை கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆயுள் முழுதும் அந்த மரத்தின் பட்டையை மட்டுமே பார்த்த அம்மாவுக்கு, அதன் இலைக்குள் இப்படி ஒரு வேலைப்பாடு இருந்தது தெரிய வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி கேக்

செம்பனை என்று சொன்னதும் கேக்குக்கு வந்துவிட்டோம். எப்படி என்கிறீர்களா? மலேசியாவில் வர்த்தக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது 1917-இல், நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள்: தென்னமரம் தோட்டம்! செம்பனைக்கு முன்னோடியான தோட்டத்துக்குத் தமிழில் தென்னைமரத்தின் பெயர். நட்டவர் ஹென்றி ஃபோக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்கார துரை. அவரே பின்னாளில் மலாயாவைப் பற்றி 'மலேசி' என்ற நாவலை எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசையும் வாங்கினார். நாவலுக்குப் பரிசு துரைக்கு. மரத்தை நட்டு வளர்த்த கைகள் யாருடையவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேக்கில் போடும் மார்ஜரினைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், மேஜ் மூரியேஸ் என்ற இரசாயன நிபுணர், 1869-இல். அப்போது அதை மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்தார்கள். அப்படியே இருந்திருந்தால் நம் வீடுகளில் பாதிக்குள் அது நுழைந்திருக்காது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் மார்ஜரின் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் ஆனது. குலை வெட்டிச் சுமந்தது நாம், டப்பாவில் அடைத்து வந்ததும் கேக் நமக்கு அந்நியம் என்றால் எப்படி?

வீட்டில் ஓவன் இல்லை என்பார்கள். தோட்டத்தில் கேக் சுட்டவர்கள் பலரும் அடுப்பின் மேல் தூக்கி வைக்கும் தகர ஓவனில்தான் சுட்டார்கள். இன்றும் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். அதில் அடித்தட்டில் சூடு அதிகம், மேலே குறைவு. ஆகவே பாதி நேரம் ஆனதும் தட்டை மாற்றி வைக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் இட்லிச் சட்டி போதும், ஆவியில் வேகும் கேக்குக்கு ஓவனே வேண்டாம். மின்சார ஓவன் வாங்குகிறவர்கள், பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். திருகில் 170 டிகிரி என்று போட்டிருந்தால் உள்ளே 170 என்று நம்பிவிட வேண்டாம்.

கேக்குக்கு மிகப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 4 முட்டையை ஓட்டோடு நிறுங்கள். எவ்வளவு எடையோ, அதே எடைக்கு வெண்ணெய், சீனி, மாவு. அவ்வளவுதான். மாவோடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். நிறுக்காமல் கப்புக் கணக்கில் போடுவதால்தான் பலருக்கு ஒரு முறை நன்றாக வந்து மறுமுறை கல்லாகிறது. முறுக்குக்குக் கைக்கணக்குப் போதும். கேக்குக்குத் தராசு வேண்டும்.

எதற்காக வெண்ணெயையும் சீனியையும் அவ்வளவு நேரம் அடிக்கிறோம்? சீனியின் கூர்மையான மணிகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே அடைக்கின்றன. அந்தச் சின்னச் சின்னக் காற்றறைகள்தான் ஓவன் சூட்டில் விரிந்து கேக்கைத் தூக்குகின்றன. பேக்கிங் பவுடர் இருக்கும் அறையைப் பெரிதாக்குமே தவிர, இல்லாத அறையைக் கட்டாது. இங்கேதான் நம் நாட்டு வெயில் குறுக்கே வருகிறது. வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்க 20 டிகிரி அளவு குளிர்ச்சி வேண்டும். நம் சமையலறை பகலில் 30-க்கு மேல். புத்தகத்தில் "வெண்ணெயை அறை வெப்பத்தில் வைக்கவும்" என்று எழுதியவர் இங்கிலாந்தில் இருந்து எழுதினார். இங்கே அப்படி வைத்தால் வெண்ணெய் எண்ணெயாகி, அறை நிற்காது, கேக் அமுங்கிவிடும். பனிப்பெட்டியிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, விரல் அழுத்தினால் பதியும் நிலை வந்ததும் அடிக்கத் தொடங்க வேண்டும். சிறந்த நேரம் விடியற்காலை. பால் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும். வெண்ணெயும் அதே சாதிதான். அந்த நேரத்தில் எழுந்து பழகியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கும், புரட்டாசி விரதக்காரர்களுக்கும் தயிர் இருக்கிறது. தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்தால் வாயு கிளம்பும், அதுதான் கேக்கைத் தூக்கும். கலந்த உடனே ஓவனில் வைத்துவிட வேண்டும். கலவையை வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் வாயு போய்விடும்.

பிஸ்கட்டில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நெய் பிஸ்கட்டைச் சொல்வேன். சுஜி பிஸ்கட் என்று பெயர். ஆனால் பலரும் அதை ரவையில் செய்வதில்லை, கோதுமை மாவில்தான் செய்கிறார்கள். மாவை வெறும் சட்டியில் சிறு தீயில் வறுத்து ஆறவிட்டு, 300 கிராம் மாவுக்கு 160 கிராம் நெய், 120 கிராம் பொடித்த சீனி, ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து உருட்டி, 150 டிகிரியில் சுமார் 20 நிமிடம். நிறம் மாறக் கூடாது, வெளிறியே இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தொட்டால் உதிரும், தட்டிலேயே ஆறட்டும். நன்றாக ஆறுமுன் டப்பாவில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே தங்கி நமுத்துப் போகும். செகிஞ்சான் பக்கத்து அரிசி மாவில் கொஞ்சம் கலந்தால் மொறுமொறுப்புக் கூடும். சபாக் பெர்ணம் தேங்காயைத் துருவி வறுத்துச் சேர்த்தால் அது வேறு ருசி.

தீபாவளிக்கு முறுக்குத் தட்டு மலாய்க்கார வீட்டுக்குப் போவதும், பெருநாளைக்கு அதே தட்டு குவேயோடு திரும்பி வருவதும் நம் நாட்டு வழக்கம். வீட்டுக் கேக் கொடுக்கும்போது, ஹலால் முத்திரை உள்ள பொருள்களையே வாங்குவது, மது கலந்த வாசனைச் சாறையும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டினையும் தவிர்ப்பது நல்லது. வாங்குகிறவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட்டால் அவருக்கும் சங்கடமில்லை.

"விற்கலாமே!"

இரண்டு தட்டு பிஸ்கட் நன்றாக வந்துவிட்டால் உடனே சுற்றியிருப்பவர்கள் சொல்லும் சொல் இது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பலருடைய பொழுதுபோக்கு இந்தச் சொல்லில்தான் முடிந்துபோகிறது என்பது என் கருத்து. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு கேக் சுட்டார்கள், பலர் விற்கவும் செய்தார்கள். அவர்களில் தொடர்ந்தவர்கள் உண்டு, ஓவனை மூடி வைத்தவர்களும் உண்டு. காரணம் கைத்திறன் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒரு டப்பா நெய் பிஸ்கட்டை 25 வெள்ளிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாமான் 11, டப்பா 2, கேஸ் 1, ஆக 14. மிச்சம் 11 வெள்ளி. ஒரு முறை உட்கார்ந்தால் 4 டப்பா, கடைக்குப் போய் வருவது, கழுவுவது எல்லாம் சேர்த்து 5 மணி நேரம். 44 வெள்ளியை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 80 காசு. 2025-இல் அரசாங்கம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக் கணக்கில் 8 வெள்ளி 17 காசு. சரி, பரவாயில்லை. ஆனால் நாலில் ஒரு டப்பா கருகிவிட்டாலோ, "நம்ம சித்திதானே" என்று ஒன்று இலவசமாகப் போய்விட்டாலோ, கையில் 19 வெள்ளி. மணிக்கு 3 வெள்ளி 80 காசு.

அட்டையோ இன்னும் மோசம். 3 வெள்ளி அட்டையில் தாள், நூல், உறை 80 காசு. ஒன்று செய்ய 40 நிமிடம். மணிக்கு 3 வெள்ளி 30 காசுதான் தேறும். 10 வெள்ளி சொன்னால் பசார் மாலாமில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே அட்டையை விற்க நினைப்பவர்கள் பண்டிகை அட்டையை விட்டுவிட்டு, காதுகுத்து, திருமணம், பூப்புனித நீராட்டு போன்ற விசேஷங்களுக்கு மொத்தமாக ஆர்டர் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். ஒரே மாதிரி ஐம்பது செய்யும்போது ஒன்றுக்கு 40 நிமிடம் ஆகாது. மற்றபடி அட்டை அன்புக்குத்தான், அதில் தவறில்லை.

நம் பெண்கள் இந்தக் கணக்கில் சாமான் விலையை எழுதுவார்கள், தங்கள் நேரத்தை எழுத மாட்டார்கள். தோட்டத்தில் நாள் சம்பளம் என்ன, பேர் விழுந்ததா என்று காசுக் கணக்குப் பார்த்தவர்கள்தான், வீட்டு வேலை என்றதும் தங்கள் கைக்குக் கூலி இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கணவரும் பிள்ளைகளும்கூட அப்படியே நினைக்கிறார்கள். இதை மாற்றாமல் விற்பனையில் இறங்குவது, சம்பளமில்லாத இன்னொரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதாகும்.

அதனால் ஒரு வருடம் விற்காதீர்கள் என்பேன். ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை செய்து, கொடுத்து, எழுதி வையுங்கள். எது நமுத்தது, எத்தனை மணி நேரம் ஆனது, யார் திரும்பக் கேட்டார்கள் என்று நோட்டில் இருக்கட்டும். அதன் பிறகும் கை அரித்தால் இறங்குங்கள். அப்போது சில சட்டங்களும் உண்டு. வியாபாரத்தை எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் பதிய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு தயாரிப்பவர்கள் பயிற்சி எடுத்து, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஹலால் முத்திரையை நாமாக அச்சடித்து ஒட்டக் கூடாது, அது குற்றம். கடன் வேண்டுமென்றால் வட்டிக்காரரிடம் போகுமுன், அமானா இக்தியார் 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கிய 'பெண்' திட்டம்போல் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் ஓவன் வாங்கக் கடன் எடுக்காதீர்கள். தகர ஓவனில் சுட்டு விற்று, அந்தக் காசில் மின்சார ஓவன் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக நேரக் கணக்கு. பால் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துத் தளிர்விடும், தளிர் இலை இதற்கு உதவாது. இலை நன்றாக முற்றிய பிறகு பறித்து ஊறப் போட்டால், நரம்பெடுத்து, உலர்த்தி, சாயமேற்றி, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே தயாராக இருக்கும். அட்டைகளைத் தபாலில் சேர்க்க மூன்று வாரம் முன்பு கணக்கு வையுங்கள். பிஸ்கட்டைக் கடைசிப் பத்து நாளில் சுடுங்கள், முதலில் நெய் பிஸ்கட், கேக் பண்டிகைக்கு முதல் நாள். தூரத்துக்கு அனுப்புவதாக இருந்தால் நெய் பிஸ்கட் உடைந்து மாவாகப் போய்ச் சேரும். அதற்கு அச்சு முறுக்கும் ஆகாது. தேங்காய்ப் பிஸ்கட்டைத் தட்டையாகச் சுட்டு, டப்பாவின் இடைவெளியெல்லாம் கசக்கிய காகிதத்தால் அடைத்து அனுப்புங்கள். அட்டையை டப்பாவுக்குள் வைக்க வேண்டாம், நெய் ஊறிவிடும். மூடிக்கு மேல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டுங்கள்.